ஒத்தையா, ரெட்டையா: ஒரு நோயின் காரணம் எப்படிப் பிடிபடுகிறது?

எங்கள் வீட்டில் அரிசிக்கு இரண்டு பானை. சோற்றுக்குப் புழுங்கல், பலகாரத்துக்குப் பச்சை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், இடியாப்பம் எல்லாம் பச்சரிசியில்தான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பச்சரிசியைப் பொங்கினால் அப்பத்தா தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். "வயித்துல நிக்காது" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். காரைக்குடியைச் சுற்றிப் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்திக் குத்துகிற இந்தப் பழக்கத்துக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் என்ன உறவு என்று சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

உறவு கோலாலம்பூரில் இருக்கிறது. எங்கள் ஐயாவின் ஐயா அங்கே கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழில் பார்க்கப் போனவர். லெபோ அம்பாங் தெருவில் செட்டியார்களின் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தார் என்பது வீட்டில் சொல்லும் கதை. அதே ஊரில், 1905 கடைசியிலிருந்து 1906 முடியும்வரை, ஒரு டாக்டர் புழுங்கலரிசியையும் பச்சரிசியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார். "இந்த நோய்க்கு இதுதான் காரணம்னு எப்படிங்க அடிச்சுச் சொல்றாங்க?" என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் எடுப்பேன். மரபணு, மூலக்கூறு என்று ஆரம்பித்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும். அரிசி எல்லோருக்கும் தெரியும்.

நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும். குந்தி உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியாது. இன்னொரு வகையில் காலில் நீர் கோத்துக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு மூச்சிரைப்பு. இதயம் தளர்ந்து சில நாட்களிலேயே ஆள் போய்விடுவதும் உண்டு. நீராவி அரிசி ஆலைகள் பெருகப் பெருக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நோய் கிழக்காசியாவின் சிறைகளையும் கப்பல்களையும் சுரங்கக் குடியிருப்புகளையும் படை முகாம்களையும் சூறையாடியது.

அது கிருமிகளின் காலம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்திருந்தார். அடுத்து எந்த நோய்க்கு எந்தக் கிருமி என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கத்தான் வேண்டும் என்று நம்பி, டச்சு அரசு 1886இல் ஒரு குழுவைத் தன் ஆட்சியில் இருந்த ஜாவாவுக்கு (இன்றைய இந்தோனேசியாவின் ஒரு தீவு) அனுப்பியது. அந்தக் குழுவோடு போய் அங்கேயே தங்கிவிட்டவர் கிறிஸ்டியான் எய்க்மான். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தால், நடுவில் கொஞ்ச காலம் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை ராணுவத்தில் இல்லாத கோழிக்கு எதற்குப் போடுவது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன. பின்னாளில் எய்க்மானுக்குக் கிடைத்த நோபல் பரிசில் அந்தச் சமையல்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கோழிக்குச் சரி, மனிதருக்கு? ஜாவாவின் சிறைகளை ஆய்வு செய்யும் பொறுப்பில் இருந்த ஃபோர்டர்மன் என்ற மருத்துவர் கணக்கெடுத்தார். மொத்தம் 101 சிறைகள், ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகள். தீட்டிய அரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. தவிடு போகாத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. இரண்டையும் கலந்து போட்ட 13 சிறைகளில் ஆறு. 1897இல் இந்தக் கணக்கு வெளியானது.

இதைப் படித்ததும் "அப்புறம் என்ன, அரிசிதானே காரணம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஆராய்ச்சியின் பாலபாடம் இங்கேதான் தொடங்குகிறது.

பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்பும் நம் ஊர்க்காரர்களைப் பாருங்கள். காலில் கொப்புளம், நெற்றியில் விபூதி. விபூதிப் பட்டை பெரிதாக இருக்கிறவர்களுக்குக் கொப்புளமும் அதிகம் என்று கணக்கெடுத்தால் ஒருவேளை சரியாகக்கூட வரும். அதற்காக விபூதி பூசினால் காலில் கொப்புளம் வரும் என்று யாரும் சொல்லமாட்டோம். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்ததுதான் இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது என்று நமக்குத் தெரியும். தெரியாத ஒருவர், வெளியூரிலிருந்து வந்து இரண்டையும் மட்டும் பார்த்தால்? கூடவே வருவது வேறு, காரணம் வேறு. பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு இரண்டையும் இழுத்து வரும் மூன்றாவது ஆளைக் குழப்பும் காரணி என்கிறார்கள்.

சிறைகளிலும் அப்படி ஒருவர் ஒளிந்திருக்கலாம் அல்லவா? தீட்டிய அரிசி வாங்கிய சிறைகள் நெரிசலான சிறைகளாக இருக்கலாம், ஈரத் தரை உள்ளவையாக இருக்கலாம். ஃபோர்டர்மன் இதை யோசித்தார். கட்டடத்தின் வயது, காற்றோட்டம், தரை, நெரிசல் எல்லாவற்றையும் பார்த்து, எதுவும் பொருந்தவில்லை என்று காட்டினார். நல்ல ஆய்வாளர். ஆனாலும் அவர் பார்த்ததைத்தான் விலக்க முடியும். பார்க்கத் தோன்றாதது எத்தனையோ.

மலாயாவிலும் இதே சிக்கல். சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். தமிழர்களுக்கு அது அபூர்வம். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். பிராடன் என்ற டாக்டர் இதை வைத்து அரிசிதான் காரணம் என்று வாதாடினார். எதிர்வாதத்துக்குப் பஞ்சமா? இனம் வேறு. சீனர்கள் ஈயச் சுரங்கத்தில், தமிழர்கள் ரப்பர்த் தோட்டத்தில். தமிழர்கள் தட்டில் பருப்பும் இருக்கும். குடியிருப்பும் வேறு. இத்தனை வித்தியாசம் இருக்கும்போது அரிசியை மட்டும் எப்படிப் பிடித்து நிறுத்துவது?

ஜப்பானில் இந்தச் சந்தேகத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1883இல் ரியூஜோ என்ற கடற்படைக் கப்பல் நீண்ட பயணம் போய்வந்தது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி அடுத்த ஆண்டு வேறொரு கப்பலை அதே வழியில் அனுப்பினார், சாப்பாட்டை மாற்றி. ஒருவரும் சாகவில்லை. அதன்பிறகு கடற்படையில் நோய் அடங்கிப்போனது. ஆனால் தகாகி இறைச்சி, பால், ரொட்டி, பார்லி என்று பலதையும் ஒன்றாக மாற்றியிருந்தார். எது காப்பாற்றியது என்று கேட்டால் புரதம் என்றார். அது தவறு. தரைப்படை மருத்துவர்களோ கிருமியை விடவில்லை. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி கண்டது. சுமார் 27 ஆயிரம் பேர் அதில் இறந்தார்கள். சிகிச்சை கையில் இருந்தும், அடுத்தவரை நம்பவைக்கும் ஆதாரம் இல்லாமல் போனது.

இப்போது கோலாலம்பூருக்கு வருவோம். அங்கிருந்த மனநல விடுதியில் 1905இல் பெரிபெரி பரவியது. வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் செய்த காரியம் மிக எளிது. சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லா நோயாளிகளையும் வரிசையாக நிறுத்தி இடப்பக்கத்திலிருந்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண்கள் மேற்குப் பக்கத்துக்கு. கிழக்கே இருந்தவர்களுக்கு வழக்கம்போல சயாம் பச்சரிசி. மேற்கே இருந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றபடி சாப்பாடு எல்லாம் ஒன்றே. புதிதாக வந்தவர்களையும் இதேபோல மாற்றி மாற்றிச் சேர்த்தார்.

திண்ணையில் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று விளையாடியிருப்போம். அதே விளையாட்டுதான். ஆனால் அது செய்த வேலையைக் கவனியுங்கள். ஒரு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆள் எடுத்தால், வயதானவர்கள் ஒரு பக்கமும் இளையவர்கள் மறுபக்கமும் என்று சேர வழியில்லை. சீனர், தமிழர், மெலிந்தவர், தடித்தவர், ஏற்கெனவே நோஞ்சானாக இருப்பவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுவார்கள். ஃபிளெட்சருக்குத் தெரிந்த வித்தியாசங்கள் மட்டுமில்லை, அவருக்குத் தோன்றவே தோன்றாத வித்தியாசங்களும் சேர்ந்து பிரிந்துவிடும். ஃபோர்டர்மன் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததை இந்தப் பிரிப்பு ஒரே வீச்சில் முடித்துவிடுகிறது. மிஞ்சும் வித்தியாசம் அரிசி மட்டும். வழக்கமான பச்சரிசியிலேயே இருந்தார்களே, அவர்களைத்தான் ஒப்பீட்டுக் குழு என்கிறோம். அவர்கள் இல்லாவிட்டால் புழுங்கல் சாப்பிட்டவர்கள் பிழைத்ததற்கு அர்த்தமே இல்லை. நோய் தானாக அடங்கும் காலமாகக்கூட அது இருந்திருக்கலாம்.

"கட்டடத்தில்தான் கிருமி இருக்கிறது, கிழக்குப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது" என்று யாராவது சொல்வார்களே? அதற்கும் விடை வைத்திருந்தார். 1906 நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். கிழக்கே இருந்தவர்கள் மேற்கே, மேற்கே இருந்தவர்கள் கிழக்கே. அரிசி அவரவர் அரிசிதான். நோய் கட்டடத்தோடு நிற்காமல் பச்சரிசியோடு போனது.

ஆண்டு முடிவில் கணக்கு இது. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் இருவருக்குத்தான் நோய். அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறப்பு இல்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டையில் ஒரு முள். அந்தப் பதினெட்டுப் பேரை யாரும் "சம்மதமா?" என்று கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்கமாட்டார்கள். பச்சரிசிதான் காரணம் என்று அப்போது உறுதியாகத் தெரியாது, அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த அரிசிதான், யாரும் புதிதாக விஷம் வைக்கவில்லை என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். ஆனால் பாதியிலேயே ஒரு பக்கம் சாவு ஏறிக்கொண்டு போவது தெரிந்திருக்குமே? இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. நடுவில் கணக்கைப் பார்த்து, ஒரு பக்கம் தெளிவாக மோசமானால் சோதனையை நிறுத்தச் சொல்லும் தனிக்குழுவே இப்போது உண்டு. மனிதர்கள்மீது சோதனை செய்ய விதி வகுத்த நியூரம்பெர்க் நெறிகள் 1947இலும் ஹெல்சிங்கி பிரகடனம் 1964இலும் வந்ததற்குப் பின்னால் இதைவிடக் கொடிய கதைகள் இருக்கின்றன. இந்தியாவில் மருந்துச் சோதனை எதையும் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம்.

சரி, புழுங்கலில் அப்படி என்ன இருக்கிறது? எய்க்மான் முதலில் தலைகீழாக நினைத்தார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு முறிவு என்றார். அவருக்குப் பின்னால் வந்த கிரைன்ஸ் 1901இல் சரியாகப் பிடித்தார்: நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. இருப்பது நோய் தரும் என்று பழகிய காலத்தில், இல்லாதது நோய் தரும் என்று நினைக்கவே ஒரு துணிச்சல் வேண்டும். 1912இல் காசிமிர் ஃபங்க் இப்படிப்பட்ட பொருட்களுக்கு வைட்டமின் என்று பெயர் சூட்டினார். 1926இல் ஜாவாவில் யான்சன், டோனத் இருவரும் அரிசித் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகவே எடுத்துவிட்டார்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1. 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் ஆய்வுக்கூடத்திலேயே அதைத் தயாரித்தார்.

தயமின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது, நீரில் கரையும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் கொஞ்சம்தான் போகும். பச்சரிசியிலோ தவிட்டோடு சேர்ந்து ஆலையிலேயே போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். ஆனால் உடம்பில் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். (சோற்றை வடித்த கஞ்சியோடு ஒரு பங்கு தயமினும் போகிறது. கஞ்சியை மாட்டுக்கு ஊற்றுகிற வீட்டில் மாடு கொழுகொழுவென்று இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், நான் ஒப்பீட்டுக் குழு வைத்துப் பார்க்கவில்லை.)

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கூர்மையான வாசகர் கேட்டிருப்பார்: ஒருவருக்குப் பெரிபெரி வந்ததா இல்லையா என்று யார் முடிவு செய்தது? கால் மரத்துப்போவதற்கு நூறு காரணம் உண்டு. 1900இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஏராளமானோர் கைகால் மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குடிகாரர்களுக்கு வரும் நரம்புத் தளர்ச்சி என்றே முதலில் எழுதினார்கள். கடைசியில் பார்த்தால் பீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. நோயறிதல் தளர்ந்தால் அதற்குமேல் கட்டுகிற ஆராய்ச்சியும் தளரும். அதனால்தான் இன்றைய ஆய்வுகளில் யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பது என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். பெரிபெரியில் சிகிச்சையே நோயறிதலாகவும் ஆகும். தயமின் ஊசி போட்டு, நீர் கோத்த நோயாளி ஓரிரு நாளில் தெளிந்தால் சந்தேகம் தீர்ந்தது. இப்போதும் நெடுங்காலக் குடி, கர்ப்ப காலத்தில் ஓயாத வாந்தி போன்ற நிலைகளில் இந்தக் குறை வருகிறது.

ஃபிளெட்சரின் முறையிலும் குறை உண்டு. அடுத்து வருகிறவர் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டியே தெரியும். தனக்குப் பிடித்த பக்கத்துக்கு நல்ல திடகாத்திரமானவரை அனுப்ப ஒரு டாக்டருக்கு ஆசை வந்தால், வரிசையில் ஒரு ஆளை முன்னே பின்னே நகர்த்தினால் போதும். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடியே வைக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைக் காசநோய்க்குச் சோதித்தபோது, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல எண் அட்டவணையால் முடிவு செய்து, ஒட்டிய உறைகளில் வைத்தார்கள். மருந்து எல்லோருக்கும் போதாத காலம் என்பதால் குலுக்கலே நியாயமாகவும் இருந்தது. 1948இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். எக்ஸ்ரேயைப் படித்த டாக்டர்களுக்கு அது யாருடைய படம் என்று சொல்லவில்லை. ஊசி போட்டவர் என்று தெரிந்தால் நிழல்கூட மங்கலாகத் தெரியும், மனசு அப்படி.

இதே முறை சீக்கிரமே சென்னைக்கும் வந்தது. காசநோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும், வீட்டில் வைத்தால் எல்லோருக்கும் ஒட்டும் என்பது அன்றைய நம்பிக்கை. ரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு நிறுத்தம் வருமே, அந்தக் காலத்தின் மிச்சம் அது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். ஒரு கூட்டம் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு, மற்றது நெரிசலான சொந்த வீட்டில். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று ஆனதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பத்தாவின் தலைமுறையில் பலர் சானடோரியம் என்ற சொல்லுக்கே பயந்தவர்கள்.

கடைக்குப் போனால் இப்போது கறுப்புக் கவுனி அரிசிப் பாக்கெட்டில் "சர்க்கரையைக் குறைக்கும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிளறித் தின்ற அரிசி. அதைத் தின்று சர்க்கரை குறைந்தது என்றால் அப்பத்தா சிரிப்பார். தவிடு போகாத அரிசி, அதில் நல்லது இருக்கலாம். நான் கேட்பதெல்லாம், யாரோடு ஒப்பிட்டார்கள், யார் எந்தப் பக்கம் என்று எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான். சர்க்கரை முந்நூறுக்கு ஏறிய அன்றுதான் நாம் பதறிப்போய்ப் புதிதாக ஒன்றை ஆரம்பிப்போம். உச்சிக்குப் போனது எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தப் பேரைக் கவுனி தட்டிக்கொண்டு போய்விடும்.

தேவகோட்டையில் இருக்கும் என் அயித்தைக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. போன மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் புது மாத்திரைச் சோதனையில் சேர்கிறீர்களா என்று கேட்டு, தமிழில் அச்சடித்த பல பக்கத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்ப்பா, ரெண்டு மாத்திரையாம். ஒண்ணு புதுசு, ஒண்ணு இப்ப எல்லாரும் சாப்பிடுறது. எனக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லுமாம். டாக்டருக்கே தெரியாதாமே?"

"ஆமா அயித்தை. தெரிஞ்சா அவர் உங்களைக் கவனிக்கிறதே மாறிப்போகும். நீங்களும் புது மாத்திரைன்னு தெரிஞ்சா ஒரு தெம்புல நடப்பீங்க."

"நடுவுல வேண்டாம்னா?"

"எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். தாள்ல போட்டிருக்கும் பாருங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த வரியைத் தேடிப்பிடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். வீட்டில் கேட்டுக்கொண்டு, மறுநாள் கையெழுத்துப் போட்டார். வெள்ளை டப்பாவில் எண் மட்டும் ஒட்டியிருக்கிறது. இரட்டைப்படை எண். அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. வருகிற மாதம் ரத்தம் கொடுக்கப் போக வேண்டும்.